1,86,412 வரிகளுக்குள் 43 வரிகள்

பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததையெல்லாம் புதிய டிஸ்குக்கு மாற்றி முடித்திருந்தேன். ஸ்கேன் செய்த புத்தகப் பக்கங்கள், புகைப்படங்கள், கணக்குத் தாள்கள் என்று மொத்தம் 1,86,412 கோப்புகள். நகல் பிசகில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். அதற்காகவே பழைய டிஸ்கில் ஷா256சம் என்ற கட்டளையால் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) கணக்கிட்டு ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தேன். வரிக்கு ஒரு கோப்பு: முதலில் 64 எழுத்துகளில் செக்சம், இரண்டு இடைவெளி, பிறகு கோப்பின் பெயர்.

அந்தப் பட்டியலைப் புதிய டிஸ்கில் கொடுத்து, -சி என்று சேர்த்து ஓடவிட்டால், ஷா256சம் ஒவ்வொரு கோப்பையும் திரும்பப் படித்துக் கணக்கிட்டு, பெயருக்குப் பக்கத்தில் 'ஓகே' என்றோ 'ஃபெயில்டு' என்றோ போடும். (கட்டளைகளையும் அவை சொல்லும் சொற்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

மாலையில் ஓடவிட்டுப் போய்விட்டேன். ஐந்து மணி நேரம் ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது திரை நிறைய ஓகே, ஓகே, ஓகே. கடைசியில் இரண்டு எச்சரிக்கை வரிகள்: 2 கோப்புகளைப் படிக்க முடியவில்லை, 41 செக்சம்கள் பொருந்தவில்லை.

எந்த 41? மேலே உருட்டிப் பார்த்தேன். என் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) 10,000 வரிகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பில் இருந்தது. அந்தப் பத்தாயிரத்திலும் எல்லாம் ஓகே. தவறிய 43 பெயர்களும் அதற்கு முன்பே ஓடிப்போய்விட்டன. ஐந்து மணி நேர வேலையில் கையில் மிஞ்சியது இரண்டு எண்கள் மட்டும்.

மறுபடி ஓட்டத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை அவசரப்படாமல், 20 வரியில் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நீண்ட நேரம் ஓடும் எந்த வேலைக்கும் இப்போது நான் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

ஹெட் -என் 20 பட்டியல் > சிறுபட்டியல்

ஹெட் பட்டியலின் முதல் 20 வரிகளை எடுக்கும், > அவற்றைத் திரைக்குப் பதிலாகச் சிறுபட்டியல் என்ற கோப்பில் போடும். இதில் ஒரு வரியின் செக்சமில் ஒரு எழுத்தை மாற்றினேன். இன்னொரு வரியில் கோப்பின் பெயரையே இல்லாத ஒன்றாக்கினேன். ஆக, ஒரு பொருந்தாத கோப்பு, ஒரு படிக்க முடியாத கோப்பு. என்ன வர வேண்டும் என்று தெரிந்த நிலையில் சோதிப்பது எவ்வளவு வசதி என்பது அடுத்த பத்து நிமிடத்திலேயே தெரிந்தது.

முதலில் சாதாரணமாக > போட்டு ஒரு கோப்புக்குத் திருப்பினேன். ஓகே, ஃபெயில்டு வரிகள் இருபதும் கோப்புக்குள் போயின. ஆனால் எச்சரிக்கைகளும், 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்ற வரியும் திரையிலேயே நின்றன. ஒரு நிரலுக்கு வெளியே பேச இரண்டு வாய்கள் உண்டு. 1 என்ற எண்ணுள்ளது வழக்கமான அவுட்புட். 2 என்ற எண்ணுள்ளது பிழைச் செய்திகளுக்கானது. வெறும் > முதலாவதை மட்டும்தான் திருப்பும்.

சரி, இரண்டையும் ஒரே கோப்பில் போடலாம் என்று இப்படி எழுதினேன்:

ஷா256சம் -சி சிறுபட்டியல் 2>&1 > முடிவு

பிழைகள் அப்போதும் திரைக்குத்தான் வந்தன. பலரும் இடறும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) இந்தத் திருப்பல்களை இடமிருந்து வலமாக, ஒன்றன் பின் ஒன்றாகச் செய்கிறது. 2>&1 என்றால் 'இந்த நொடியில் 1 எங்கே போகிறதோ, அங்கேயே 2-ஐயும் அனுப்பு' என்று பொருள். அந்த நொடியில் 1 இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே 2 திரைக்குக் கட்டப்பட்டது. அப்புறம்தான் > வந்து 1-ஐக் கோப்புக்குத் திருப்பியது. 2 இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. 1-ம் 2-ம் நிரந்தரமாகப் பிணைக்கப்படுவதில்லை, அந்த நேரத்து முகவரி மட்டும் நகலாகிறது. > முடிவு 2>&1 என்று வரிசையை மாற்றியதும் சரியானது.

ஆனால் கடைசியில் நான் இரண்டையும் கலக்கவில்லை. தனித்தனியாக வைத்தேன்:

ஷா256சம் -சி சிறுபட்டியல் > முடிவு 2> பிழை

காரணம் எளிது. கலக்காமல் வைத்தால் முடிவுக் கோப்பில் பட்டியலில் உள்ள அதே எண்ணிக்கையில்தான் வரிகள் இருக்க வேண்டும். டபிள்யூசி -எல் போட்டு இரண்டையும் எண்ணினாலே, வேலை முழுதாக ஓடியதா, நடுவில் நின்றதா என்று தெரிந்துவிடும். கலந்துவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

ஒத்திகையில் டீ கட்டளையையும் முயன்று பார்த்தேன். குழாய் வேலையில் ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கும் டி வடிவ இணைப்பு இருக்கிறதே, அதன் பெயர்தான் இதற்கு. பொருத்தமான பெயர், ஏனென்றால் பைப் (ஒரு நிரலின் அவுட்புட்டை அடுத்த நிரலுக்கு அனுப்பும் | குறி) என்ற யோசனையே குழாயிலிருந்து வந்தது. நிரல்களைத் தோட்டத்துக் குழாய் போல ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்இல்ராய் 1964-லேயே எழுதி வைத்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதைச் செய்து காட்டியது 1973-ல். டீ வழியாக அனுப்பினால் அவுட்புட் திரையிலும் ஓடும், கோப்பிலும் சேரும்.

ஷா256சம் -சி சிறுபட்டியல் 2> பிழை | டீ முடிவு && எக்கோ எல்லாம் நலம்

&& என்றால் 'முன்னது வெற்றி பெற்றால் மட்டும் அடுத்ததைச் செய்', எக்கோ என்றால் 'இதைத் திரையில் எழுது'. பட்டியலில் இரண்டு வரிகளை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் கீழே 'எல்லாம் நலம்' என்று வந்தது. பைப்பில் பல கட்டளைகள் இருந்தால், வெற்றியா தோல்வியா என்று ஷெல் கேட்பது கடைசிக் கட்டளையிடம் மட்டும்தான். டீ தன் வேலையை ஒழுங்காக முடித்தது, அதனால் மொத்தமும் வெற்றி என்று கணக்காகிவிட்டது. பாஷ் ஷெல்லில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்று முதலில் ஒரு வரி போட்டால், பைப்பில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி ஆகும். இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில் டீ வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

டீயைப் பற்றி இன்னொன்று. அது பழைய கோப்பின் மேல் கேட்காமல் எழுதிவிடும். ஷெல்லில் 'நோக்ளாபர்' அமைப்பை இயக்கினால் > ஏற்கெனவே உள்ள கோப்பை அழிக்க மறுக்கும், ஆனால் அந்தக் காவல் டீக்குக் கிடையாது. கோப்பைத் திறப்பது ஷெல் இல்லையே. சேர்த்து எழுத டீ -ஏ.

உண்மையான ஓட்டத்துக்கு டீ வேண்டாம் என்று முடிவு செய்து, > முடிவு 2> பிழை என்றே ஓடவிட்டேன். பார்க்க வேண்டுமானால் இன்னொரு டெர்மினலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓகே வரிகளே வராமல் தடுக்க ஷா256சம்முக்கு --குவயட் என்ற தேர்வு இருக்கிறது என்பதையும் இதற்குள் படித்திருந்தேன். அதைப் போட்டால் தவறியவை மட்டும்தான் வரும். ஆனாலும் போடவில்லை. நடுவில் மின்சாரம் போனால், கடைசி ஓகே எந்தக் கோப்பில் நின்றது என்பதை வைத்துத்தான் எதுவரை சரிபார்த்தோம் என்று சொல்ல முடியும். ஓகே வரிகளும் சாட்சிதான். முதலில் முழுதாகச் சேமித்துவிடுவது, வடிகட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்வது என்ற முடிவை அன்றைக்கு எடுத்தேன். அதுதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் லெஸ் (கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் நிரல்) போட்டு முடிவுக் கோப்பைத் திறந்தேன். லெஸ் கோப்பை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்காமல் சட்டென்று திறக்கிறது. 'கேட்' கட்டளையைப் போல முழுதையும் திரையில் கொட்டுவதும் இல்லை. சாய்கோடு தட்டி ஃபெயில்டு என்று தேடலாம், 'என்' எழுத்தைத் தட்டினால் அடுத்தது. பெரிய ஜி கடைசி வரிக்கும், சிறிய ஜி முதல் வரிக்கும் கொண்டுபோகும். நீளமான வரிகள் மடங்கி மடங்கி வந்து கண்ணைக் குழப்பினால், லெஸ்ஸுக்குள்ளேயே -எஸ் (பெரிய எழுத்து) தட்டினால் ஒரு வரி ஒரே வரியாக நிற்கும். மீதியை வலது அம்புக்குறியால் நகர்த்திப் பார்க்கலாம். பெரிய எஃப் தட்டினால் கோப்பு வளர வளரப் பின்தொடரும்; கன்ட்ரோல் சி தட்டினால் பின்தொடர்வதை விட்டு மறுபடி தேட விடும். வளரும் கோப்பைப் பார்க்க டெயில் -எஃப் தான் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் பின்தொடர்ந்துகொண்டே அவ்வப்போது மேலே போய்த் தேடவும் வேண்டும் என்றால், எனக்கு லெஸ்தான் கைக்கு இதமாக இருக்கிறது.

தவறியவை மட்டும் அப்போதைக்கப்போது தெரியட்டும் என்று மூன்றாவது டெர்மினலில் இதையும் வைத்தேன்:

டெயில் -என் +1 -எஃப் முடிவு | கிரெப் -வி ஓகே | கட் -டி/ -எஃப்2-

முடிவுக் கோப்பை முதல் வரியிலிருந்தே பின்தொடர், கிரெப்பால் ஓகே இல்லாத வரிகளை மட்டும் எடு, கட் கட்டளையால் முன்னால் இருக்கும் புள்ளியையும் சாய்கோட்டையும் வெட்டிவிடு. ஒரு மணி நேரம் வெறுமையாகவே இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, லெஸ்ஸில் தேடினால் புகைப்பட ஃபோல்டரில் ஒரு ஃபெயில்டு கண்ணில் பட்டது. பிறகு ஏன் இங்கே வரவில்லை?

கிரெப் அதைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தது. அவுட்புட் நேராகத் திரைக்குப் போனால் கிரெப் வரிக்கு வரி அனுப்பும். பைப்புக்குள் போனால், வேகத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பொதுவாக 4,096 பைட் நிறைந்த பிறகுதான் தள்ளும். நிறைய வரிகள் வந்தால் இது கண்ணில் படாது. அபூர்வமாக ஒரு வரி வரும் இடத்தில்தான் மணிக்கணக்கில் அப்படியே தேங்கிவிடும். கிரெப்புக்கு --லைன்-பஃபர்டு என்று சேர்த்ததும் வரி வந்து விழுந்தது. இந்தத் தேர்வு இல்லாத நிரல்கள் பலவற்றுக்கு முன்னால் 'எஸ்டிடிபஃப் -ஓஎல்' போட்டுப் பார்க்கலாம்.

நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டம் முடிந்தது. முடிவுக் கோப்பில் 1,86,412 வரிகள், பட்டியலோடு சரியாகப் பொருந்தியது. முதல் வேலையாக முடிவு, பிழை இரண்டையும் சிஎச்மாட் போட்டு எழுத முடியாதபடி பூட்டினேன். அப்புறம்:

கிரெப் -வி ஓகே முடிவு > தவறு

எண்ணிப் பார்த்தால் 12 வரிகள். பிழைக் கோப்பில் எச்சரிக்கை அதேதான் சொல்கிறது: 41-ம் 2-ம். மொத்தம் 43 வர வேண்டும். 31 எங்கே போயின?

இந்த இடத்தில் கால் மணி நேரம் விழித்தேன். எண்களைப் பிழைக் கோப்பில் சேமிக்காமல் விட்டிருந்தால் 12-ஐ நம்பி அந்த 12-ஐ மட்டும் சரிசெய்திருப்பேன். வேலை முடிந்தது என்று பழைய டிஸ்கையும் அழித்திருப்பேன்.

வேறு வழியாகக் கேட்டுப் பார்த்தேன். கிரெப் -சி ஃபெயில்டு முடிவு என்றதும் 43 என்றது. ஆக வரிகள் இருக்கின்றன, என் வடிகட்டிதான் தின்றுவிட்டது. லெஸ்ஸில் & தட்டி ஃபெயில்டு என்று கொடுத்தேன். & பொருந்தும் வரிகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துவைக்கும், கோப்பில் எதையும் தொடாது. 43 வரிகளும் இரண்டு திரையில் அடங்கின. பார்த்ததுமே புரிந்தது. 31 வரிகள் 'புக்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தன. ஸ்கேனர் மென்பொருள் உருவாக்கிய ஃபோல்டர் அது, பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் ஓ, கே.

தனியாகச் சொல்லாவிட்டால் கிரெப்புக்குச் சொல் என்று ஒன்று கிடையாது. வரியில் எங்கேயாவது அந்த இரண்டு எழுத்து அடுத்தடுத்து வந்தால் போதும். 'ஓகே உள்ள வரியை விடு' என்றால், பெயரிலேயே ஓகே உள்ள வரியையும், அது ஃபெயில்டு ஆனாலும், விட்டுவிடும். அந்த ஃபோல்டரில் எத்தனை கெட்டாலும் என் வடிகட்டியில் ஒன்றுகூட வந்திருக்காது. நான் கேட்க வேண்டியது 'வரியின் முடிவில், முக்காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் பிறகு ஓகே' என்பது:

கிரெப் -வி ': ஓகே$' முடிவு > தவறு

டாலர் குறி வரியின் முடிவைக் குறிக்கிறது. எட் என்ற பழைய எடிட்டரில் முழுக் கோப்பிலும் ஒரு வடிவத்தைத் தேடி அச்சிடும் கட்டளையைச் சுருக்கி எழுதும் விதத்திலிருந்துதான் கிரெப் என்ற பெயரே வந்தது. அது தேடுவது வடிவத்தை. வரியில் எந்த இடத்தில் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். இப்போது 43.

பெயர்வாரியாக அடுக்கிப் பார்க்கலாம் என்று சார்ட் தவறு > தவறு என்று தட்டினேன். கோப்பு காலி, 0 பைட். > குறியைப் பார்த்ததுமே ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து துடைத்துவிட்டுத்தான் சார்ட்டை அழைக்கிறது. சார்ட் வந்து படிக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லை. முழு அவுட்புட் பூட்டிய கோப்பில் இருந்ததால் கிரெப் வரியை மறுபடி ஓட்டி ஒரு நொடியில் மீட்டுக்கொண்டேன். வடிகட்டிக்கொண்டே சேமித்திருந்தால் இன்னொரு ஐந்து மணி நேரம். அதே கோப்பில் அடுக்க சார்ட் -ஓ தவறு தவறு என்று கொடுக்கலாம். சார்ட் முழுதும் படித்த பிறகே எழுதும்.

எந்த ஃபோல்டரில் எத்தனை என்று பார்க்க:

கட் -டி/ -எஃப்2 தவறு | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என்

31 புக், 10 புகைப்படம், 2 கணக்கு. நடுவில் உள்ள சார்ட்டை விடக் கூடாது, ஏனென்றால் ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யூனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும்.

படிக்க முடியாத இரண்டுக்கும் முடிவுக் கோப்பில் 'திறக்கவோ படிக்கவோ முடியவில்லை' என்று மட்டும்தான் இருந்தது. ஏன் என்பது பிழைக் கோப்பில் இருந்தது. ஒரு புகைப்படம் நகலே ஆகவில்லை. ஒரு கணக்குத் தாளுக்குப் படிக்கும் அனுமதி இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

மீதி 41-ல் ஒன்று, நகல் எடுத்த பிறகு நானே திருத்திய கணக்குத் தாள். பொருந்தாமல் இருப்பதுதான் சரி. புக் ஃபோல்டரில் ஒரு பக்கத்தை எடுத்து, பைட்டுகளை அப்படியே காட்டும் 'ஓடி' என்ற கட்டளையை -சி சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பல மெகாபைட் கோப்பு, ஆனால் திரையில் மூன்றே வரிகள்: ஒரு வரி முழுக்கப் பூஜ்ய பைட்டுகள், அடுத்து ஒரு நட்சத்திரம், கடைசியில் கோப்பின் நீளம். நட்சத்திரம் என்றால் 'மேலே உள்ளதே திரும்பத் திரும்ப' என்று பொருள். கோப்பு முழுவதும் வெறும் பூஜ்யம். நகல் முடியும் தறுவாயில் டிஸ்கின் கேபிள் ஒருமுறை கழன்றது நினைவுக்கு வந்தது. கடைசியில் நகலான கோப்புகளுக்குப் பெயரும் அளவும் டிஸ்கில் பதிந்துவிட்டன, உள்ளடக்கம் நினைவகத்திலேயே தங்கி அழிந்திருக்கிறது. கோப்பு நிர்வாகியில் பார்த்தால் எல்லாக் கோப்பும் ஒழுங்காக, சரியான அளவோடு நின்றன.

தவறியவற்றின் பெயர்களை மட்டும் பிரித்தேன்:

செட் 's/: ஃபெயில்டு.*$//' தவறு > பெயர்கள்

(இந்த செட் வரிகளைத் திருத்தித் தரும் தனி நிரல், மேலே பைப்ஃபெயில் போட்ட ஷெல் செட் வேறு.) நான் திருத்திய கணக்குத் தாளின் வரியை அதிலிருந்து கையால் நீக்கினேன், விட்டிருந்தால் பழையது வந்து புதியதை மூடியிருக்கும். 42 பெயர்கள். அனுமதியைச் சரிசெய்துவிட்டு, இந்தப் பட்டியலை நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க்குக்கு --ஃபைல்ஸ்-ஃப்ரம் வழியாகக் கொடுத்தேன். புகைப்படம் ஒன்றை மட்டும் நகலெடுத்துவிட்டு நின்றுவிட்டது. ஆர்சிங்க் வழக்கமாக அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்தால் கோப்பைத் தாண்டிப் போய்விடும். இந்தப் பூஜ்யக் கோப்புகளில் இரண்டுமே ஒத்திருந்தன. -சி சேர்த்து, உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொன்னதும் மற்ற 40-ம் நகலாயின. அனுமதி சரிசெய்த கணக்குத் தாளின் உள்ளடக்கம் முன்பே சரியாகத்தான் இருந்தது.

மறுபடி 1,86,412-ஐயும் ஓட்ட வேண்டியதில்லை. பழைய பட்டியலிலிருந்து இந்த 42-க்கான வரிகளை மட்டும் எடுத்தேன்:

கிரெப் -எஃப் -எஃப் பெயர்கள் பட்டியல் > மறுபட்டியல்

முதல் எஃப் பெரிய எழுத்து: புள்ளி, அடைப்பு எதற்கும் சிறப்புப் பொருள் தராமல் உள்ளபடியே தேடு. இரண்டாவது சிறிய எழுத்து: தேட வேண்டியவை இந்தக் கோப்பில். வந்தவை 44 வரிகள். இரண்டு பக்கங்களின் பெயரோடு '.டிஎக்ஸ்டி' ஒட்டிய எழுத்துணரிக் கோப்புகளும் (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தவை) சேர்ந்து பொருந்திவிட்டன. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே சரிபார்த்தேன். கிரெப் -சி ': ஓகே$' என்றதும் 44. பிழைக் கோப்பு காலி.

முடிவு, பிழை, மறுபட்டியல் மூன்றையும் தேதி சேர்த்த பெயரோடு ஜிஸிப் போட்டுச் சுருக்கி புதிய டிஸ்கிலேயே வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் பிரிக்காமலே இசட்லெஸ் போட்டுப் பார்க்கலாம், இசட்கிரெப் போட்டுத் தேடலாம். பழைய டிஸ்கை இந்த வாரம் அழிக்கப் போகிறேன்.